இன்னும் செல்லுபடியாகவில்லை

பெங்களூரா ஏற்றிய லாரிகள்
காவேரிப்பட்டணம் சாலையில் ராத்திரியே வந்து
வரிசை கட்டியிருந்தன.
மாங்கூழ் ஆலையில் ஜூன் என்பது
ஈக்கும் மனிதருக்கும் தூக்கமில்லாத மாதம்.

"பதினோரு நாளா ஒரு மெயிலும் வரலம்மா" என்றார்
மேலாளர் திம்மராஜ்.
தினம் நாற்பது வந்தபோது
படிக்காமலே அழித்தவர்.
வராமல் போனதும் பயந்திருக்கிறார்.
"திருடன் வரலைன்னு அர்த்தமா,
நாய் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

நாய் எடைமேடை அறைக்குப் பின்னால்
இரும்பு அலமாரிக்குள் இருந்தது.
சாகவில்லை.
நான்கு பச்சை விளக்கு, மூச்சு வாங்கும் சின்ன விசிறி,
அதன் வாயோரம்
மாம்பழ வாசம் ஏறிய தூசு.

நாற்காலியில் லேப்டாப், தரையில் நான்.
சோதனை மடல் அனுப்பு.
தோல்வி.
பெறுநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன்,
பிசகில்லை.
கடவுச்சொல்லைப் புதிதாக்கினேன்.
தோல்வி.
ஐந்நூற்று எண்பத்தேழு, நானூற்று அறுபத்தைந்து,
இரண்டு கதவையும் தட்டினேன்.
திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன.
அவர் போனை வாங்கி ஸ்பேமைத் துழாவினேன்:
மூட்டுவலித் தைலம், ஒசூரில் மனை,
கேட்காமலே கடன் தரும் மூன்று வங்கி.
எங்கள் பெட்டி எழுதியது ஒரு வரிகூட இல்லை.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
அலமாரி ஒருமுறை இருண்டு விழித்தது.
மறுபடி அழுத்தினேன். மறுபடி தோல்வி.
இம்முறை பதிவேட்டின் அடிவரைக்கும் போனேன்.
அங்கே ஒரு வரி:
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.

காலாவதி என்றால் புரியும்.
ரொட்டிக்கு உண்டு, மாத்திரைக்கு உண்டு,
என் வண்டி இன்ஷூரன்சுக்குப் போன வாரமே ஆயிற்று.
இன்னும்
என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.
யாருக்கு இன்னும்?

திரையின் மேல்மூலையில்
யாரும் பார்க்காத சின்ன எழுத்தில்
பெட்டியின் இன்றைய தேதி:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினைந்து.
நேரம், நள்ளிரவு கடந்து நான்கு நிமிடம்.

உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது.
ஒவ்வொரு மின்வெட்டுக்கும்
தான் பிறந்த ராத்திரிக்கே திரும்பிப் போயிருக்கிறது.
அஞ்சல் சர்வர் நீட்டிய சான்றிதழில்
இனிமேல்தான் வரப்போகும் ஒரு வருஷம்.
போலி என்று கதவைச் சாத்தியிருக்கிறது.
தப்பா சொல்ல முடியுமா,
சந்தேகப்படத்தானே காசு கொடுத்து வாங்கினோம்.

மணி என்ன என்று வெளியே கேட்டிருக்கலாமே?
கேட்டிருக்கிறது. பதினோரு நாளாக,
சில நிமிடத்துக்கு ஒருதரம்.
கேள்வி வாசலைத் தாண்டவில்லை.
நூற்று இருபத்து மூன்றாம் வாசலில்
ஒரு தடை. விதியின் பெயர்: தற்காலிகம்.
இரண்டு சீசனுக்கு முன்னால், ஏதோ ஒரு நெரிசலில்,
நாளைக்கு எடுத்துவிடலாம் என்று போட்டது.
போட்டவள் நான்.

"கண்டுபிடிச்சாச்சா?"
"பேட்டரி சார்" என்றேன்.
பொய் இல்லை. பாதி.

தடையை நீக்கினேன்.
எண்கள் ஒருகணம் தடுமாறி
பத்துச் சொச்சம் வருஷத்தை ஒரே தாவாகத் தாவி
இன்று மதியம் ஒன்று பத்தில் வந்து நின்றன.
நான் சோதனைப் பொத்தானைத் தொடும் முன்பே
திம்மராஜின் சட்டைப்பை அதிர்ந்தது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்:
"எச்சரிக்கை. கருவியின் காலம் மாற்றப்பட்டது.
எச்சரிக்கை. விதி 'தற்காலிகம்' நீக்கப்பட்டது.
உருவாக்கியவர் சசிரேகா. நீக்கியவர் சசிரேகா."

வெளியே எடைமேடையில் ஒரு லாரி ஏற
அறை லேசாக ஆடியது.
அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.
"நாய் உயிரோடதான் இருக்கு" என்றார்.

பேட்டரி முப்பது ரூபாய்.
ரவுண்டானா பக்கம் கடிகாரக் கடையில் கிடைக்கும்.
அடுத்த மின்வெட்டுக்குள்
போய் வந்துவிட வேண்டும்.